அட்டை எழுத்துகளை அனுப்பமாட்டேன்

தம்பி,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஆரம்பிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. நீ கேட்டதை நான் அனுப்பமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உறையைத் தலைகீழாகப் பிடித்து வேறு தாள் ஏதாவது விழுகிறதா என்று நீ உதறிப் பார்க்க வேண்டாம். இந்தக் கடிதம் மட்டும்தான் இருக்கும். நீளமாகத்தான் இருக்கும். அடுப்பில் ஒன்றும் வைக்காமல், வேலைக்குக் கிளம்பும் அவசரமில்லாமல், உட்கார்ந்து படி.

நீ எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கெமாஸ் எஞ்சின் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஆள் குறைகிற நாட்களில் உன்னைக் கரி போடும் ஃபயர்மேனாக எஞ்சினில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த மாதம் கண் சோதனை. அதில் தேறினால் வேலை நிரந்தரம், அங்கிருந்து ஏறி ஏறி ஒருநாள் டிரைவர். ஆனால் கொஞ்ச நாளாகத் தூரத்து எழுத்துகள் உனக்கு மங்கலாகத் தெரிகின்றன. சோதனை அறைக்குள் தொங்குவது அந்தக் காலத்து அதே எழுத்து அட்டைதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா குளிக்கும்போது அந்த அட்டை எழுத்துகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாரே, அதில் முதல் இரண்டு வரிதான் ஞாபகம் இருக்கிறது, மிச்சத்தை எழுதி அனுப்புங்கள் அம்மா என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். உன்னை அடிக்கடி டிரைவர் சின்னப்பனோடு போடுகிறார்கள், அந்தக் காட்டிக்கொடுத்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கரி அள்ளிப் போடுவது கசக்கிறது என்று. முன்பெல்லாம் சின்னப்பன் மாமா என்று எழுதுவாய். இப்போது வெறும் சின்னப்பன்.

அட்டையில் மேலே தனியாக இருக்கிற பெரிய எழுத்து மூன்று பல் சீப்பு மாதிரி இருக்கும். அது உனக்கு எப்படியும் தெரியும். அதற்குக் கீழே இருக்கிறதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் என் வாயிலிருந்து வராது.

ஏன் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொல்ல உன் அப்பா இந்த வேலைக்குள் வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள். உலக யுத்தம் முடிந்து ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த காலத்தில், தஞ்சோங் பகார் ஷெட்டில் எஞ்சின் துடைக்க ஆள் எடுத்தார்கள். தினக்கூலி. மழைக்கு வேலை நின்றால் கூலியும் நிற்கும். எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சுக் கழிவால் ஒவ்வொரு கம்பியையும் துடைப்பார். கண்ணில் சொட்டும். அதனால்தானோ என்னவோ கண் கெட்டது என்று பிற்பாடு நான் நினைத்ததுண்டு. அப்புறம் ஃபயர்மேன். கரியைக் குவித்துப் போடாமல் மெல்லிசாகப் பரப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் புகைதான் வரும், ஆவி வராது என்று எனக்கே சோற்றுப் பானையை வைத்துப் பாடம் நடத்துவார். ஃபோர்மன் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். கொதிகலனில் தண்ணீர் இறங்குகிறது, முதலில் என்ன செய்வாய்? பிரேக் பிடிக்கவில்லை, முதலில் என்ன செய்வாய்? உன் அப்பா மலாயில் பதில் சொல்லித் தேறினார். கடைசியாக டிரைவர் ஆவதற்குமுன் ஒரு கையெழுத்து. இந்தப் பாதையில் எந்த இடத்தில் ஏற்றம், எந்த இடத்தில் வளைவு, எந்தக் கைகாட்டி எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிற கையெழுத்து. அதைத் தமிழில் போட்டுவிட்டு வந்தார். அன்று முழுக்க பேனா பிடித்த விரலை நீட்டிக்கொண்டே நடந்தார்.

டிரைவர் சம்பளம் என்றால் தேக்காவில் மளிகைக்கடைக்காரர்கூட நாற்காலியை இழுத்துப் போடுவார். ஆனால் அந்தச் சம்பளம் எப்படி வருகிறது என்று நாற்காலி போடுகிறவர்களுக்குத் தெரியாது. நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் வீட்டில் நடந்த தப்பு அங்கேதான் முளைத்தது. சம்பளம் இரண்டு பங்கு. எஞ்சின் நின்றாலும் வருவது ஒரு பங்கு, சக்கரம் சுற்றினால் மட்டும் வருவது இன்னொரு பங்கு. இத்தனை மைல் ஓடினால் இவ்வளவு, வெளியூரில் தங்கினால் இவ்வளவு என்று அந்த இரண்டாவது பங்கு சேரும். நம் வீடு இரண்டாவதில்தான் நடந்தது. அப்பாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் வீட்டில் மீன் நின்றுவிடும். இரண்டு வாரம் என்றால் உன் பள்ளிக்கூடச் சட்டைக்கு ஒட்டுப் போடுவேன். ஓடினால்தான் காசு என்கிற வேலையில் இருப்பவன் தன் உடம்பைப் பற்றி உண்மை பேசமாட்டான். அவன் பெண்டாட்டியும் பேசமாட்டாள். நான் பேசவில்லை.

கண் மங்கியதை முதலில் கவனித்தது நான்தான். தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். கம்போங் பாரு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால் நம்பர் தெரியாமல் வருகிற எல்லா பஸ்ஸுக்கும் கை நீட்டினார், நிறுத்திய டிரைவர்களெல்லாம் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருநாள் மார்க்கெட்டில் எதிரே வந்த என்னைத் தாண்டிப் போய்விட்டார். "என்னங்க, கட்டின பொண்டாட்டியைத் தெரியலையா?" என்று கேலி செய்தேன். "கூட்டத்துல எவன் பாக்குறான்" என்றார். சிரித்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வருஷக் கண் சோதனைக்கு ஆறு வாரம் இருந்தது.

அட்டையைத் திருடியது என் யோசனை. உன் அப்பாவின் தலையில் அதைப் போடாதே. இருமல் என்று சொல்லிக்கொண்டு ரயில்வே டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் அறையில் எதிர்ச் சுவரில்தான் அட்டை தொங்கியது. எனக்குத் தமிழ் ஐந்தாம் வகுப்பு வரை, இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் உருவமாக மனதில் பிடித்துக்கொண்டேன். சீப்பு, முக்காலி, வளையல், உடைந்த வளையல், நண்டுக்கால். ஒரு வருகைக்கு இரண்டு வரி. வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் கரித்துண்டால் வரைந்துவிடுவேன். நாலு தடவை போனேன். டிரெஸ்ஸர் பாவம், என் இருமலுக்குக் கசாயம் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து உன் அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்துகளின் பெயர் தெரியும். நான் வரைந்த நண்டுக்காலை அவர் எழுத்தாகச் சொல்வார், நான் வரிசை தப்பாமல் சரிபார்ப்பேன். நீ அந்தப் பக்கம் வந்தால் நிறுத்திவிடுவோம். குளிக்கிற இடத்தில் மட்டும் அவர் நிறுத்தவில்லை போலிருக்கிறது. நீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

சோதனையில் தேறிவிட்டார். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று சொன்னாராம். தேக்காவில் ஆட்டுக்கறி வாங்கி வந்தார். நீ இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.  அன்று நானும் நன்றாகத்தான் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை பதினோரு மணிக்குச் சின்னப்பன் நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்போது அவர் உன் அப்பாவின் ஃபயர்மேன். அப்பா வீட்டில் இல்லாத நேரம். உனக்குப் பொன்னுக்கு வீங்கி என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாய். அவர் வந்ததை நீ பார்த்தாய். அவர் பேசியதை நீ கேட்கவில்லை, ஏனென்றால் நான் அவரைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய்விட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, நான் இங்க வந்தது அண்ணனுக்குத் தெரிய வேணாம்" என்றார். "எஞ்சின்ல கைகாட்டி வந்தா டிரைவர் மொதல்ல வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம்தான் ஃபயர்மேன் திருப்பிச் சொல்லுவான். அதுதான் முறை. அண்ணன் கொஞ்ச நாளா நான் சொல்ற வரைக்கும் காத்திருக்காரு, அக்கா. நான் சொன்னப்புறம் அவரு சொல்றாரு."

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும், "அதனால என்ன தம்பி, யாரு சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"நேத்து புக்கிட் பாஞ்சாங் பக்கத்துல நான் குனிஞ்சு கரி போட்டுக்கிட்டிருந்தேன். யாருமே சொல்லல. கைகாட்டி நில்லுன்னு கை நீட்டிக்கிட்டு நிக்குது, அண்ணன் அப்படியே போறாரு. நிமிந்து பாத்துக் கத்தினேன். எஞ்சின் மூக்கு ரோட்டுல ஏறிதான் நின்னுச்சு. கேட் தெறந்து கெடக்கு. ஒரு அம்மா கீரைக்கூடைய கீழ போட்டுட்டு ஓடுது. கேட்காரர் பழகினவரு, மேல எழுதிப் போடல. அடுத்த தடவை நான் குனிஞ்சிருந்தா?"

"நீங்க ஷெட்ல சொல்லுங்களேன்."

அவர் தலையை ஆட்டினார். "ஃபயர்மேன் தன் டிரைவரைப் பத்திச் சொல்லக்கூடாதுக்கா. சொன்னவன்கூட அப்புறம் எவனும் எஞ்சின் ஏறமாட்டான். அதோட அண்ணன்தான் எனக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரு. என்னால முடியாது. நீங்க அவருகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

அவர் போனபின் நான் மூன்று நாள் தூங்கவில்லை. அந்தக் கீரைக்கூடைக்காரி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நானும் கூடை தூக்கிக்கொண்டு கேட் தாண்டியிருக்கிறேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டியிருக்கிறேன். கேட் திறந்திருந்தால் ரயில் வராது என்று நம்பித்தானே எல்லோரும் தாண்டுகிறோம்? அந்த நம்பிக்கையை நான் காலண்டர் தாளில் கரியால் கிறுக்கி அழித்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் பேசினேன். "நீங்களே போய்ச் சொல்லிடுங்க, கண்ணு சரியில்லன்னு."

"சொன்னா? நாளைக்கே எறக்கிடுவான். இவன் படிப்பு? இந்த வீடு? ஒனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"ஆள் செத்தா என்ன செய்வீங்க?"

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அது நம் வீட்டில் அதுவரை நடந்ததில்லை. மறுநாள் அவர் வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கோயிலுக்குப் போகவில்லை. தம்பி, உன் அப்பாவைப் பற்றிச் சொன்னது சின்னப்பன் இல்லை. நான்.

ஷெட்டுக்குள் அதற்குமுன் நான் கால் வைத்ததே இல்லை. தண்டவாளத்தைத் தாண்டி, எண்ணெய்க் குட்டைகளில் மிதித்து, எல்லா ஆண்களும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, ஃபோர்மன் அறைக்குப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எழுந்து நின்று, "இருங்கோ, என்ன விஷயம்?" என்றார். சொன்னேன். அவர் நம்பவில்லை. உன் அப்பாவின் பேரைப் பார்த்து ஒரு தாளை எடுத்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்னம் கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருக்கிறாரே."

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு உங்களுக்கு விளங்குதோ? அவற்ற சம்பளம் போகும்."

"வெளங்குது. அதான் நானே வந்தேன்."

அந்தத் தாளைத் திரும்ப வைத்தார். "ஆர் சொன்னது எண்டு என்ர வாயால வராது" என்றார். வரவும் இல்லை. அந்த மனிதர் ஓய்வு பெற்றுப் போகும்வரை வரவில்லை. 

அடுத்த வாரம் உன் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வேறு அட்டை. அது அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து நின்று, பழைய அட்டையின் எழுத்துகளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கணீரென்று சொல்லியிருக்கிறார். ஓர் எழுத்துகூட வரிசை தப்பவில்லையாம். டாக்டர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, தோளில் கை வைத்து உட்காரச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து, "அட்டைய மாத்திட்டானுங்க" என்று மட்டும் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதை ஒப்பித்துக்கொண்டு அவர் அங்கே நின்றதை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் நீ கேட்டதை அனுப்பமாட்டேன் என்றேன். அந்த இடத்தில் என் மகனையும் நிறுத்தமாட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். எஞ்சினிலிருந்து இறக்கி, ஷெட் ஸ்டோரில் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பங்கு போயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்து பஃபலோ ரோட்டில் மாடி அறைக்கு வந்தோம். நான் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் வேலைக்குப் போனேன். உன் படிப்பு நிற்கவில்லை, பார்த்தாயா? மீன் நின்றது, படிப்பு நிற்கவில்லை. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனால் இன்னொன்று ஆயிற்று. சின்னப்பன் வீட்டுக்கு வந்ததை நீ பார்த்திருந்தாய், அடுத்த வாரம் அப்பாவை இறக்கிவிட்டார்கள், நீயே கூட்டிக் கழித்துக்கொண்டாய். நான் ஷெட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள், சம்பள விஷயமாகக் கெஞ்ச வந்தேன் என்று நினைத்தார்கள். அவர்களும் சின்னப்பனைத்தான் சொன்னார்கள். அவரோடு ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை. நீ ஒருநாள் ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் அவரை, "நன்றிகெட்ட ஆள்" என்று கத்தினாய். அவர் உன்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "விடுங்கக்கா, சின்னப் பையன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியும் தம்பி. அவர் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொல்லியிருக்க முடியும்? என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். சொல்லாமல் கெமாஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அட்டை திருடியது என் முதல் தப்பு. இது இரண்டாவது, இதுதான் பெரியது. முதல் தப்பை, அதன் விளைவு தெரிந்த சில நாளில் சரிசெய்தேன். இதை ஒன்பது வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள். எஞ்சினில் கைகாட்டி வரும்போது நீ பார்த்துச் சொல்கிறாயா, இல்லை சின்னப்பன் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறாயா? அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்கு எத்தனை கைகாட்டி தெரியும்? பதில் பிடிக்கவில்லை என்றால் சோதனைக்குமுன் நீயாகவே கண்ணைக் காட்டு. கண்ணாடி போட்டால் சரியாகுமா, கண்ணாடியோடு எஞ்சினில் ஏறவிடுவார்களா என்று உன் ஃபோர்மனையே நேராகக் கேள். விடமாட்டேன் என்றால் ரயில்வே அங்கே முடிந்துவிடவில்லை. எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற ஃபிட்டர் வேலை இருக்கிறது. உனக்குக் கை வேலை வரும். அதில் மைல் கணக்குக் காசு கிடையாது, நாற்காலி போடும் மரியாதையும் கிடையாது. ஆனால் மாசம் பிறந்தால் அதே சம்பளம், காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்கலாம். டீசல் எஞ்சின் வந்துவிட்டது, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இனி மதிப்பு என்று உன் அப்பாவே சொல்கிறார். அம்மா டிரைவர் ஆகவிடாமல் கெடுக்கிறாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். உன் அப்பாவையே இறக்கியவளுக்கு உன் கோபம் பெரிதில்லை.

அதோடு, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே சின்னப்பன் மாமாவிடம் போ. வேலை நேரத்தில் போகாதே, வீட்டுக்குப் போ. "சொன்னது எங்கம்மா" என்று சொல். மற்றவர்கள் காதிலும் விழட்டும், எனக்கு இனி பயமில்லை. ஸ்டேஷனில் எல்லோர் முன்னாலும் திட்டினாயே, மன்னிப்பையும் எல்லோர் முன்னாலும் கேள்.

எனக்குப் பயமில்லை என்று எழுதுவதற்குமுன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. இதுவரை எழுதியதை இன்று காலை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் இப்போது இருக்கிற தோ பாயோ வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது, உனக்குத் தெரியும். நான் ஷெட்டுக்குப் போன இடம் வந்தது. நிறுத்தவில்லை, படித்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்தவ பொடவையில எஞ்சின் எண்ணெ வாட எப்படி அடிக்கும்? பன்னெண்டு வருஷம் மோந்த வாட. தூக்கத்துலயே தெரிஞ்சுது."

கடிதத்தைக் கீழே வைத்தேன். "ஏன் கேக்கல? ஒன்பது வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லுவ. அப்புறம் நான் கோவப்படணும்" என்றார். "அன்னைக்கு எனக்குக் கோவம் வரல. எஞ்சின் ஏறும்போதெல்லாம் அந்தக் கூடைக்காரி வந்து நிப்பா. எறக்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் நல்லாத் தூங்கினேன். அதை ஒங்கிட்ட சொல்ல எனக்கு வெக்கம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தோம். அப்புறம் உன் அப்பா, "அந்தக் காலண்டர் தாள் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டார். வைத்திருந்தேன், தம்பி. என் தகரப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்து, நாலாக மடித்து, அவரே அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் நெருப்பில் போட்டார். அதனால் நான் மனம் மாறினாலும் உனக்கு அனுப்ப இனி தாள் இல்லை. என் தலைக்குள் இருப்பது என்னோடு போகும்.

எங்கள் பக்கத்து எல்லையான உட்லண்ட்ஸைத் தாண்டினால் இப்போது வேறு நாடு, காகிதம் காட்ட வேண்டும் என்கிறார்கள். காகிதம் வாங்கிவிட்டேன். உன் சோதனை நாளன்று காலை ரயிலில் கெமாஸுக்கு வந்து டிஸ்பென்சரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வரவில்லை. உன் ஷெட்டிலும் ஒரு ஃபோர்மன் இருக்கிறார், அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நீ உள்ளே போய் நிமிர்ந்து நில். தெரிகிற எழுத்தைச் சத்தமாகச் சொல். தெரியாத வரி வந்ததும், தெரியவில்லை என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டு வெளியே வா. சோற்றுப் பொட்டலத்தோடு நான் காத்திருப்பேன்.

அம்மா